மீன்களுக்கும் நோன்பு

எங்கள் வீட்டு முன் அறையில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. மலைநாட்டுப் பதுளையில் ஏது கடல் என்று என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்ததை நினைத்துக்கொள்ள அவர்களிடம் நான் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தொட்டி போய் வெகு காலமாகிறது, அதன் மேல் உயிரையே வைத்திருந்த என் மாமியும் போய்விட்டார். இருந்தாலும் மழை விட்ட சாயங்காலங்களில் அந்த மூலையைப் பார்த்தால் தண்ணீருக்குள் குமிழ் விடுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கும்.

கடல் என்றால், ஒரு தொட்டில் அளவுக்குக் கண்ணாடித் தொட்டி. என் கணவர் வாஹித் கடைத்தெருவில், வீட்டை ஒட்டியே, சைக்கிள் கடை வைத்திருந்தார். கம்பியும் குழாயும் நட்டும் கைக்குப் பழகியவர். இரும்புச் சட்டம் ஒட்டவைத்து, படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் கண்ணாடி வெட்டி வாங்கி, இடுக்கை அடைக்கப் புட்டியும் தாரும் பூசி எல்லாம் தானே செய்தார். முதல் தரம் தண்ணீர் நிரப்பியபோது எல்லா மூலையிலும் ஒழுகி முன் அறைப் பாய் ஊறிப்போனது. மனிதர் மறுபடி தார் காய்ச்சினார்.

இத்தனை பாடும் எதற்கென்றால், என்னைப் பதுளையில் இருத்தி வைப்பதற்கு.

நான் அக்கரைப்பற்றுப் பெண். பெயர் நூருல் இனாயா. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவார். பெண் பிள்ளை நடக்கத் தொடங்கும்போதே தகப்பன் அவளுக்கு வீடு கட்டக் கல் பார்க்கத் தொடங்கிவிடுவார். என் வாப்பா மொஹிதீன் போடியார், வயல்காரர். எனக்கென்று பெரிய வளவில் வீடு கட்டி, தண்ணீர் உவர்க்காத இடம் பார்த்துக் கிணறும் வெட்டி வைத்திருந்தார். வாஹித் அங்கே வந்து சைக்கிள் கடை போடுவதாகத்தான் பேச்சு.

கல்யாணத்துக்கு நாள் வைத்த பிறகு வாஹித்தின் வாப்பா மௌத்தாகிவிட்டார். பதுளைக் கடைக்கும் தனித்துப்போன தாய்க்கும் வாஹித் ஒருவர்தான் மிச்சம். அந்தத் தாய், என் மாமி ஸுபைராவோ, மருமகள் வீட்டில் போய்க் குந்திக்கொண்டு சாப்பிடுகிற ஆள் தான் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கல்யாணம் நின்றுவிடும் போலிருந்தது. பெரியவர்கள் கூடிப் பேசி, கடைசியில் ஒரு வழி கண்டார்கள். நான் பதுளைக்குப் போவது. அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் இருந்து பார்ப்பது. பெருநாள் முடிந்ததும் வாப்பா வந்து என்னிடம் கேட்பார். எனக்கு ஒத்துவரவில்லை என்றால் வாஹித் கடையை மூடிவிட்டு என்னோடு வர வேண்டும். மாமி பதுளையில் தனியே இருந்துகொள்வார். இதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள். மாமி மட்டும் ஆட்டினாரா இல்லையா என்று யாரும் கவனிக்கவில்லை.

பதுளை எனக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்க என்ன இருக்கிறது? எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை வந்து முகத்தில் இடித்தது. உடுப்பு காயாது, தேங்காய் எண்ணெய் உறைந்துபோய் போத்தலை விட்டு இறங்காது. ராத்திரியானால் ஒரே குளிர். நான் சமையலறைப் படியில் இருந்து அழுவேன். ஏன் அழுகிறாய் என்று மாமி கேட்டபோது, உம்மாவையும் தங்கச்சி நளீராவையும் நினைத்து அழுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மாமியாரிடம் போய் அப்படிச் சொல்லலாமா? கடல் ஞாபகம் வருகிறது என்று சொல்லிவைத்தேன்.

உண்மையில் எனக்கும் கடலுக்கும் பெரிய பழக்கம் ஒன்றும் கிடையாது. போடியார் வீட்டுப் பெண்கள் கடற்கரைக்குப் போய் நிற்பதில்லை. பெருநாள் பின்னேரங்களில் மாட்டு வண்டியில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்கள், காற்றுப் பட்டதும் திருப்பிக் கூட்டி வந்துவிடுவார்கள். ஆனால் நான் சொன்னதை மாமி மகனிடம் சொல்ல, மகன் அதை அப்படியே நம்பிவிட்டார். சின்ன வயதில் கொழும்பு மிருகக்காட்சிச் சாலையில் கண்ணாடிக்குள் கடல் மீன் பார்த்தது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. அதோடு தொடங்கியதுதான் தார் காய்ச்சல்.

தண்ணீர் ஹாஷிம் நானாவின் லொறியில் வந்தது. அவர் கடற்கரைப் பொத்துவிலிலிருந்து கருவாடு ஏற்றி வருவார், திரும்பிப் போகும்போது பண்டாரவளையில் விளைகிற கரட்டும் லீக்ஸும் கொண்டுபோவார். வாஹித்தின் பால்ய சிநேகிதர். கடல் தண்ணீரைக் கேன்களில் நிரப்பி, பசறை மலைப்பாதை வளைவுகளில் அவை உருண்டு ஊற்றுப்படாமல் கருவாட்டுச் சாக்குகளுக்கு இடையில் சொருகிக் கொண்டுவந்து இறக்கினார். அடுத்த நடையில் கல் வந்தது. கடலுக்குள் கிடந்த கல், அதிலே உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊதாவும் பழுப்புமாய்ச் சின்னச் சின்ன வாய் திறந்து மூடுகிற உயிர்கள். கடைசியாக இரண்டு மீன். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்டவை. அவற்றோடு நூறு விரல் விரித்த ஒரு பூ. அது பூ இல்லை, அதுவும் ஒரு பிராணிதான் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். நாங்கள் பூ என்றுதான் கடைசி வரைக்கும் சொன்னோம். மீன் இரண்டும் அந்தப் பூவுக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும்.

காற்றுக்கு வாஹித் ஒரு லொறி டியூபைக் காற்றடித்து வைத்து, அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைத் தண்ணீருக்குள் விட்டார். டியூப் வற்ற வற்றக் காற்றடிப்பது கடையில் வேலை செய்த நல்லையாவின் பொறுப்பு. அவர் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஆள், வாஹித்தைவிட மூத்தவர். மழைத் தண்ணீர் பிடித்துவைத்து, தொட்டியில் வற்றுகிற அளவுக்கு அதை ஊற்றிக்கொண்டு வந்தார் வாஹித். எதிர்பார்த்ததற்கு மாறாக எல்லாம் பிழைத்துக்கொண்டது.

மீனைத் தொட்டியில் விட்ட அன்றைக்கு வீட்டில் யாரும் மீனைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வெட்கமாகவும் போய்விட்டது, சிரிப்பாகவும் வந்தது. என் நாக்கு சும்மா கிடக்காது.

"இந்த மீன் உசிரோட இரிக்கிற மட்டும் நானும் இஞ்ச இரிப்பன்" என்று சொல்லிவிட்டேன்.

விளையாட்டுக்குச் சொன்னது. ஆனால் அந்த வீட்டில் யாரும் அதை விளையாட்டாக எடுக்கவில்லை.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது. தொட்டியைப் பார்க்கக் கடைத்தெருவே வந்தது. கறிக்கடைக்காரர் வந்தார், தபால்காரர் தபாலை வைத்துவிட்டு மறந்துபோய் நின்றார். பக்கத்து வீட்டு ஜெனீரா தினமும் வந்து, மீன் பெண்சாதி மீன் புருஷனை அதட்டுகிறது பார் என்று எனக்குக் காட்டிக் கொடுப்பாள். சம்பள நாளில் டவுனுக்கு வருகிற தோட்டத்து ஆட்களும் நல்லையாவின் தயவில் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் நல்லையா தன் மனைவி ரெங்கம்மாவைக் கூட்டி வந்தார். கடலையே காணாத பெண். விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எங்க தாத்தாவெல்லாம் இதத் தாண்டித்தான் வந்தாங்களாம். இப்ப எங்கள அனுப்புறப்பவும் இதத் தாண்டித்தான் போகணும்" என்றாள் என்னிடம்.

அரசாங்கம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற தோட்டத்து ஆட்களில் அவர்கள் குடும்பமும் இருந்தது. தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். எனக்காவது போவதா இருப்பதா என்று கேட்க ஒரு வாப்பா வருவார். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு அது உறைத்தது.

பாசி வந்தது அதற்குப் பிறகு. முதலில் கண்ணாடியில் ஒரு பச்சைப் புகை. துடைத்தால் போயிற்று. பிறகு கல்லின் மேல் பச்சை மயிர் முளைத்தது. அது நீண்டு, தண்ணீர் ஓடுகிற பக்கம் சாய்ந்து ஆடியது. முதலில் அழகென்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஊதா வாய்கள் ஒவ்வொன்றாக அந்த மயிருக்குள் மறைந்தபோதுதான் நான் வாஹித்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாசி பட்ட இடத்தில் அந்த உயிர்கள் மறுபடி திறக்கவில்லை.

கடற்கரைப் பெண் அல்லவா, எல்லாரும் என்னிடம்தான் கேட்டார்கள். கடலில் பாசி வந்தால் என்ன செய்வார்கள்? கடலில் பாசி வந்தால் யாரும் ஒன்றும் செய்வதில்லை என்று சொன்னால் மரியாதை போய்விடும். வெயில்தான் காரணம் என்று ஒரு போடு போட்டேன். தொட்டி யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது, காலை வெயில் அதிலே முழுசாக விழும். வாஹித் யன்னலில் சாக்குத் தொங்கவிட்டார். நான் அடித்துவிட்டது ஓரளவுக்குச் சரியாகவும் போனது. பாசி கொஞ்சம் மந்தப்பட்டது. என் மதிப்பு ஏறியது.

இருந்ததைப் பிடுங்குவதற்கு வாஹித் ஒரு வழி கண்டுபிடித்தார். சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றின் நுனியை வளைத்து, பாசிக்குள் விட்டுச் சுற்றினால் நூல் கண்டு மாதிரிச் சுற்றிக்கொண்டு வேரோடு வந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் சுற்றுவார், நான் விளக்குப் பிடிப்பேன். புதுசாகக் கல்யாணம் முடித்தவர்கள் வேறு என்னவெல்லாமோ செய்வார்கள், நாங்கள் பாசி பிடுங்கினோம். அவர் அதிகம் பேசமாட்டார். பேசாமலே ஒரு மனிதரோடு பழகிப்போக முடியும் என்று அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

ஹாஷிம் நானா கடல் நத்தைகள் கொண்டுவந்தார். அவை கண்ணாடியில் ஊர்ந்து ஊர்ந்து மேய்ந்தன. குட்டைப் பாசியைத் தின்றன, நீளப் பாசியைத் திரும்பியும் பார்க்கவில்லை. தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் வந்தால் தோட்டத்தில் செம்பு மருந்து அடிப்பார்கள், பூஞ்சணம் எல்லாம் ஓடிவிடும் என்று நல்லையா ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். நல்ல மனதோடுதான். வாஹித் எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுப் பூட்டுகிறவர். ஒரு பேசின் பாத்திரத்தில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அதிலே ஒரு நத்தையை விட்டு, மருந்தைக் கொஞ்சமாகக் கரைத்துப் பார்த்தார். நத்தை விடிவதற்குள் செத்துவிட்டது. நல்லையா அந்தப் பொட்டலத்தைத் தானே கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நோன்பு மாதம் வந்தது. அந்த வருஷம் அடைமழையோடு வந்தது. பசறைப் பாதையில் மண் சரிந்து ஹாஷிம் நானாவின் லொறியும் வரவில்லை. வெயில் என்பது எப்படி இருக்கும் என்று மறந்தே போயிற்று. பகலிலும் முன் அறையில் விளக்குப் போட்டால்தான் முகம் தெரியும். வெயில் இல்லை, யன்னலில் சாக்கு வேறு. பாசி வாடிச் செத்திருக்க வேண்டும். ஆனால் அந்த மாதத்தில்தான் பாசி பேய் பிடித்த மாதிரி வளர்ந்தது. வாஹித் பிடுங்கிய இடத்தில் மறுநாளே பச்சை கட்டியது. தண்ணீரில் ஒரு வாடை வந்தது. பூ விரல்களைச் சுருக்கிக்கொண்டு ஒரு முஷ்டி அளவுக்குக் குறுகிப்போனது. மீன்கள் அதை விட்டு வெளியே வந்து, காற்று வருகிற குழாயடியில் வாயைத் திறந்து திறந்து நின்றன.

என் கதை பொய்யாகிவிட்டது. வெயில் காரணமில்லை.

அப்போது எனக்குள் ஒன்று நடந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். இந்த மீன்கள் செத்தால் எனக்கு ஊருக்குப் போகச் சாட்டு கிடைத்துவிடும். நானே சொன்ன வார்த்தை. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் ஸ்போக் கம்பியோடு குனிந்து நின்ற வாஹித்தின் முதுகைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருந்தது. செத்துவிடாதீர்கள், செத்துவிடாதீர்கள் என்று மீன்களிடம் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எனக்கே என்னைப் புரியவில்லை.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். பகல் தொழுகைக்குப் பிறகு பக்க அறையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். வாசலில் தொங்கிய சீலை கொஞ்சம் விலகியிருந்தது. அதன் வழியே தொட்டி தெரிந்தது. நோன்புக் களைப்பில் வீடு அடங்கிக் கிடந்தது. மாமி மெல்ல வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். முந்தானைக்குள்ளிருந்து அவித்த முட்டையின் மஞ்சட்கருவை எடுத்து உதிர்த்துத் தண்ணீரில் போட்டார். உதட்டில் ஏதோ ஓதினார். போய்விட்டார்.

பாவம், மாமிக்குத்தான் எத்தனை பாசம் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நல்லையா டியூபுக்குக் காற்றடிக்க வந்தார். அடித்து முடித்து, சட்டைப் பையில் கையை விட்டு ஒரு பிடி காய்ந்த கூனி இறாலை எடுத்துத் தூவினார். அவர் போக, பின் வாசலால் ஜெனீரா வந்தாள். அவள் கையில் முந்தின நாள் நோன்புக் கஞ்சியில் மிஞ்சிய இறைச்சித் துணுக்கு. நோன்பு மாதத்தில் ஓர் உயிருக்குத் தீன் கொடுத்தால் எழுபது மடங்கு நன்மையாம், அவளுக்குத் தெரிந்த கணக்கு அது. நான் போர்வைக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் கடையிலிருந்து யார் வந்தது தெரியுமா? மீனுக்கு இனாயா கொடுப்பதைத் தவிர யாரும் எதுவும் போடக் கூடாது என்று எல்லாருக்கும் சட்டம் போட்ட மனிதர். வாஹித் வந்து, பிஸ்கட்டைத் தூளாக்கி, கள்ளன் மாதிரி உள்ளே விட்டுவிட்டு விரலைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு போனார்.

இதற்கு மேல் காலையிலும் மாலையிலும் நான் வேறு போட்டுக்கொண்டிருந்தேன். விரல் நீள மீன் இரண்டுக்கு ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு. மீன்கள் தின்றது கொஞ்சம், மிச்சமெல்லாம் கல்லிடுக்கில் அழுகி, பாசிக்குத்தான் எருவாகிக்கொண்டிருந்தது. தேயிலைக்கு உரம் போடுகிற ஊரில், எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் காய்ச்சல் பறந்துவிட்டது. நேரே சமையலறைக்குப் போனேன். மாமி கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார். மீனுக்கு நீங்களுமா தீன் போடுகிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் உரக்கத்தான் கேட்டிருப்பேன். மாமி மறுக்கவில்லை. அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பசியில அது மௌத்தாப் போனா நீ போயிடுவாய்தானே மகள். நீ போனா அவனும் போயிடுவான். அதுங்கட வயிறு நெறஞ்சு ஈந்தாத்தான் எனக்குப் படுத்தா ஒறக்கம் வருது."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த வீட்டில் ஒவ்வொருவரும் ஒளித்து ஒளித்துத் தீன் போட்டது மீனுக்கா? மீன் வாடினால் இவள் போய்விடுவாள் என்ற பயம். பயம் கூடக் கூடத் தீனும் கூடியது, தீன் கூடப் பாசி கூடியது, பாசியைக் கண்டு மறுபடி பயந்தார்கள். இத்தனை பேர் என்னை இப்படிப் பிடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாமலே போயிற்றே.

ஆனால் நிறுத்தியாக வேண்டும். எப்படி? மருமகள் மாமியாரைப் பார்த்துப் போடாதே என்று உத்தரவு போட முடியாது. போட்டாலும் கேட்கிற ஆளா அவர்? இன்னும் நன்றாக ஒளித்துப் போடுவார். மாமி என்ன சொன்னால் கேட்பார் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போது அல்லாஹ் எனக்கு ஒரு புத்தியைத் தந்தான்.

"மாமி, வீட்டில எல்லாரும் நோன்பு. இண்டையில இருந்து மீனும் நோன்பு. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் நான் ஒரு சிட்டிகை போடுவன். அதுக்கு முந்தி ஆரும் நோன்ப முறிச்சுப் போடாதீங்க" என்றேன்.

மாமி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பகிடி பண்ணுகிறேனோ என்று சந்தேகம். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். ஒருவரைப் பட்டினி போடுவது வேறு, நோன்பாளியின் நோன்பை முறிப்பது வேறு. முதலாவதை மாமியால் தாங்க முடியாது. இரண்டாவதை அவர் கனவிலும் செய்யமாட்டார்.

"அப்ப சஹருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

விடிவதற்கு முன் சாப்பிடுகிற சஹர் மீனுக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னேன். எந்தக் கிதாபில் இருக்கிறது என்று நல்லவேளை அவர் கேட்கவில்லை.

அன்று முதல் அந்த வீட்டில் மீன்கள் நோன்பு பிடித்தன. ஜெனீரா இறைச்சித் துணுக்கோடு வந்தபோது மாமியே வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பினார். நல்லையா இந்துவானாலும் நோன்பு மாதத்தில் எங்கள் கண்ணெதிரே தண்ணீர்கூடக் குடிக்காதவர். விஷயம் தெரிந்ததும் பையிலிருந்த கூனியை உதறிவிட்டு, அது தெரியாமல் போயிருச்சுங்களே என்று வருத்தப்பட்டார். பிஸ்கட் பெட்டியை எடுத்து வாஹித்தின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் காது சிவந்தது. சாயங்காலம் பாங்கு கேட்டதும் நாங்கள் பேரீச்சம்பழத்தை வாயில் வைப்போம், நான் எழுந்துபோய் ஒரு சிட்டிகை தூவுவேன். அதை மீன் தின்று முடிக்கும் வரைக்கும் மாமி கஞ்சிக் கோப்பையைத் தொடமாட்டார்.

கல்லிடுக்கில் கிடந்த அழுகலை ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தோம். பாதை திறந்ததும் ஹாஷிம் நானா புதுத் தண்ணீர் கொண்டுவர, பழையதில் பாதியை இறைத்துவிட்டு அதை ஊற்றினோம். பிடுங்கிய இடத்தில் பாசி மறுபடி வர நாளெடுத்தது. பிறகு இன்னும் நாளெடுத்தது. பெருநாள் வந்து நோன்பு முடிந்தது, ஆனால் மீன்களுக்கு முடியவில்லை. மாமி பெருநாளுக்குப் பிறகு ஆறு நாள் அறு நோன்பும் பிடிக்கிறவர், மீனும் அவரோடு சேர்ந்துகொண்டது. அதன் பிறகு எந்த நோன்பு என்று யாரும் கேட்கவில்லை, பழகிப்போய்விட்டது. ஒரு காலையில் நத்தைகள் துப்புரவாக மேய்ந்துவிட்ட கண்ணாடிக்குப் பின்னால், பூ தன் விரல்களை முழுசாக விரித்துக்கொண்டு நின்றது. மீன் இரண்டும் உள்ளே படுத்திருந்தன. நான் கூப்பிட்ட சத்தத்தில் வாஹித் கடையைத் திறந்து போட்டுவிட்டு ஓடி வந்தார். நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வாப்பா வந்தார். தயிர்ச் சட்டியும் கருவாடும் நெல்லரிசியுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினார். தொட்டியைப் பார்த்துப் பாராட்டினார், வாஹித்தைத் தோளில் தட்டினார். சாப்பாடு முடிந்தது. இனிக் கேட்கப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். மாமி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கண்கள் சிவந்திருந்தன, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"வாப்பா கேக்கப் போறாரு. எனக்காகப் பாத்து ஒண்டும் சொல்லாத மகள். போகணும் எண்டு ஈந்தா போ, அவனையும் கூட்டிக்கிட்டுப் போ. மீன நான் பாத்துக்கொள்றேன். மஃரிபுக்கு ஒரு சிட்டிக. அதுக்கு மேல போடமாட்டேன், அல்லா மேல ஆண."

ஒரே மகனை விட்டுக் கொடுக்கிறவர், மீனுக்குக் கூடுதலாகப் போடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு முன் அறைக்கு வந்தேன். வாஹித் தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அந்த வருஷம் முழுதும் ஒரு தரமேனும் இங்கேயே இரு என்று என்னிடம் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

வாப்பா தொண்டையைச் செருமினார். "என்ன மகள், வீடு பூட்டிக் கிடக்கு. சாமான் கட்டுவமா?"

"வாப்பா, அந்த வீட்ட நளீராவுக்குக் குடுங்க."

வாப்பா பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உனக்கெண்டு கட்டின வீடு மகள் அது. நாலு இடம் தோண்டிப் பாத்துத்தான் நல்ல தண்ணி கண்ட."

"தெரியும் வாப்பா. எனக்கு இஞ்ச வீடு இரிக்கி."

சொன்ன பிறகுதான் அந்த வீட்டின் சிவப்புச் சீமெந்துத் தரையும் கிணற்றடி மாதுளையும் கண்ணுக்குள் வந்தன. அன்று வரைக்கும் நான் ஓர் இரவுகூடப் படுக்காத வீடு. இன்றைக்கும் ஊருக்குப் போனால் நளீரா எனக்கு அதிலே விருந்தாளிக்குப் போடுகிற மாதிரிப் பாய் போடுவாள். அன்று வாப்பாவுக்கு முன்னாலேயே அழுதேன். வருத்தமா சந்தோஷமா என்று கேட்டால் இரண்டும்தான், பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. வாஹித் எழுந்து முற்றத்துக்குப் போய் மழையில் நின்றார்.

சமையலறைக் கதவு திறந்தது. மாமி வந்து என் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. வாப்பாவிடம், நாளைக்குக் காலை பஸ்ஸுக்குத்தானே போகிறீர்கள், இராத்திரிக்குப் புட்டு அவிக்கட்டுமா, கோழிக்கறியா மீன்கறியா என்று விசாரித்தார். வாப்பா எதுவானாலும் சரி என்றார். அது போதாதென்று மாமி மறுபடியும் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் கை என் மணிக்கட்டை, வளையல் அழுந்தி வலிக்கும்படி பிடித்திருந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.